மூன்று கோயில் வாசலில் செருப்புக் காவல்

என் அப்பாவும் பெரியப்பாவும் மூன்று வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு மீசை. அந்த மீசை அவர்கள் இருவருடையதும் இல்லை. யாரோ ஒருவனுடையது.

எனக்கு ஏழு வயதில் காது குத்தினார்கள். எங்கள் வல்லத்திராக்கோட்டையில் பிளக்ஸ் வைக்காமல் காது குத்து நடக்காது. குலதெய்வம், தாத்தா, தாய்மாமன், பங்காளிகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பால்குடிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. அப்பா புதுக்கோட்டைக்குப் போய் எல்லோர் படத்தையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரன் அவசரத்தில் பெரியப்பா பெயருக்கு மேலே வேறொருவன் படத்தை ஒட்டிவிட்டான். அந்த ஆளுக்கு இரண்டு பக்கமும் கன்னம்வரை ஏறிய மீசை. பெரியப்பாவுக்கு மீசையே கிடையாது.

விசேஷத்தன்று காலையில் பெரியப்பா சீர்த்தட்டோடு வந்து பிளக்ஸின் முன்னால் நின்றார். தன் பெயரைப் படித்தார். மேலே இருந்த முகத்தைப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டு இது யார் என்று கேட்டார். அப்பா அப்போதுதான் பார்த்தார். தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பந்திக்கு இலை போதவில்லை என்ற கோபத்தில் இருந்த அப்பா, "பேரு சரியாத்தானே இருக்கு, மூஞ்சி என்ன பெரிய மூஞ்சி" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அத்தோடு பேச்சு அறுந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இருவருக்கும் ஒரே தென்னந்தோப்பு, நடுவில் ஒரு வாய்க்கால். ஒரே வாசல், நடுவில் ஒரு தகர வேலி. தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை மாற்றுவதென்றால்கூடப் பம்புசெட்டுக்காரரிடம் சொல்லியனுப்புவார்கள். வளர்ந்த ஆட்கள் செய்கிற வேலையா இது?

எனக்கு நஷ்டம் அக்காதான். பெரியப்பா மகள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். நீச்சல், பல்லாங்குழி, விசிலடிப்பது எல்லாம் அவளிடம் கற்றுக்கொண்டேன். வேலி வந்த பிறகு அவள் பெரியப்பாவுக்குப் பயந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தால் ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். மூன்று வருடம் அந்தப் புருவத்தோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

எனக்குப் பத்து வயதானபோது அம்மா இலங்கைக்குப் போக வேண்டும் என்றாள். புதுக்கோட்டையில் ஒருவர் வருடத்துக்கு இரண்டுமுறை ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போய்க்கொண்டிருந்தார். ஐந்து நாள், மூன்று கோயில், தேயிலைத் தோட்டம், யானை. அம்மாவுக்கு யானையும் வேண்டாம், தேயிலையும் வேண்டாம். கதிர்காமம் போக வேண்டும். சிறு பிள்ளையிலிருந்தே அவளுக்கு அந்த ஆசை. நாற்பத்தெட்டு நாள் கறி, மீன் தொடாமல் விரதம் இருந்தாள். கிடா வெட்டு விருந்து ஒன்றில்கூட ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள். எங்கள் ஊரில் அது பெரிய காரியம்.

திருச்சி விமான நிலையத்தில் மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு திரும்பினால், எங்களுக்குப் பின்னால் வரிசையில் அதே மஞ்சள் தொப்பியில் பெரியப்பா நின்றார். பக்கத்தில் பெரியம்மா. அவள் முதுகுக்குப் பின்னால் அக்கா. புருவத்தைத் தூக்கினாள். இந்தமுறை இரண்டு புருவத்தையும்.

அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம் என்றார். அம்மா அசையவில்லை. "அவுகளுக்குப் பயந்துக்கிட்டு நாம ஏன் திரும்பணும்?" என்றாள். அப்பாவுக்கு ரோஷம் வந்து பெட்டியைக் கீழே வைத்தார். பெரியப்பாவும் திரும்பத்தான் பார்த்தாராம். பெரியம்மாவும் அச்சு மாறாமல் இதே வார்த்தையைச் சொல்லி அவரை நிறுத்தினாளாம். அக்கா பிறகு சொன்னாள். அதில் எதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கொழும்பில் இறங்கியதும் ஒரு கைடு எங்களை வாங்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், கையில் ஒரு சிவப்புக் குடை. மழைக்கு இல்லை, எங்களை மேய்ப்பதற்கு. குடையைத் தூக்கினால் முப்பத்து நான்கு பேரும் அவர் பின்னால் போக வேண்டும். பஸ் ஏறும்போது ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். அப்பா ஒன்பது, பெரியப்பா பத்து. ஒருவர் சொன்ன பிறகுதான் அடுத்தவர் சொல்ல முடியும். முதல் நாள் அப்பா "ஒன்பது" என்றதும் பஸ்ஸில் சத்தமே இல்லை. கைடு இரண்டுமுறை கேட்டார். கடைசியில் பெரியப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அப்பாவுக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்று, "பதினொண்ணுக்கு முந்தினது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பா முதல் வரிசை, பெரியப்பா கடைசி வரிசை. நடுவில் இருபத்தெட்டுப் பேர் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை கண்டியில் ஓட்டல் சாப்பாட்டு அறையில் எல்லோரும் இடியாப்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா போனோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. யாரையும் பார்க்காமல், அறைக்கே பொதுவாகச் சொன்னாள். ஊரில் எங்கள் பங்காளி வீட்டுச் சித்திக்கு ராத்திரி பெண் குழந்தை பிறந்துவிட்டதாம்.

பெரியம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். அப்பா இடியாப்பத்தை மென்றபடியே நின்றுவிட்டார். எதிர் மூலையில் பெரியப்பாவும்.

எங்கள் வழக்கம் அப்படி. பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. பதினாறு நாள் கோயில் படி மிதிக்கக் கூடாது. பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா என்று தீட்டு பார்க்காது. கடல் தாண்டினாலும் விடாது. மூன்று கோயில் பார்க்க வந்த பயணத்தில் எங்கள் இரண்டு குடும்பமும் மூன்று கோயிலுக்கும் வெளியே நிற்க வேண்டும். அண்ணனோடு பேச மாட்டேன் என்று வருடக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்த அப்பா, தீட்டு என்றதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரியப்பாவும் அப்படித்தான்.

கைடுக்குத்தான் கவலை. உங்களைத் தனியே எங்கே விடுவது என்று கேட்டார். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெரியவர் வழி சொன்னார். கோயிலுக்குக் கோயில் செருப்புப் போட இடம் தேட வேண்டாம், இவர்கள் ஆறு பேரும் வாசலில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அப்படித்தான் இருபத்தெட்டு ஜோடிச் செருப்புக்கு எங்கள் பரம்பரை காவல் ஆனது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நுவரெலியா பக்கத்தில் சீதையம்மன் கோயில். குளிர். பக்கத்தில் ஓடை. செருப்புக் குவியலின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் பெரியப்பா. அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கொரு திசையில் கடை பார்க்கப் போய்விட்டார்கள். காவல் வேலை என்றால் நானும் அக்காவும் செருப்பை அடுக்கத்தானே வேண்டும்? ஜோடி சேர்க்கிற சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூன்று வருடப் பேச்சை மூச்சுவிடாமல் பேசினோம். குரங்கு ஒன்று வந்து பெரியவருடைய ரப்பர் செருப்பைத் தூக்க, நான் விரட்ட, அக்கா விசிலடிக்க, இரண்டு அப்பன்களும் ஒரே நேரத்தில் "ஏய்" என்றார்கள். பிறகு ஒரே நேரத்தில் சத்தமிட்டதற்காக ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஊரில் பிறந்த அந்தப் பாப்பா நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

அன்று தேயிலைத் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் எட்டு வகை டீ குடித்துவிட்டு, எங்கள் ஊர்ப்பக்கத்து ஆவூர் முக்கு டீக்கடைக்கு இது வராது என்று கைடு முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நானும் அக்காவும் கொழுந்துக் கூடைக்குள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். யாரும் தடுக்கவில்லை. தீட்டுக்காரர்கள் சேர்ந்திருந்தால் என்ன என்று பெரியம்மா ஏதோ சட்டம் சொன்னாள்.

மறுநாள் யானை. அதற்கு மறுநாள் கதிர்காமம். மாணிக்க கங்கை என்று ஒரு ஆறு. அதில் குளித்துவிட்டுப் பாலம் தாண்டிக் கோயிலுக்குப் போக வேண்டும். எல்லோரும் குளித்தார்கள். ஈரத்துணியோடு "அரோகரா" என்று பாலம் ஏறினார்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த அம்மாவும் குளித்தாள். ஈரப்புடவையோடு பாலத்தின் முதல் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கிருந்து கோயில் தெரியாது. மரங்கள்தான் தெரியும். அந்த மரங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஊரில் மூன்றுமுறை போடுவாள். இங்கே நிறுத்தவே இல்லை. பத்தடி தள்ளிப் பெரியம்மாவும் அதையே செய்துகொண்டிருந்தாள். நானும் அக்காவும் எண்ணினோம். என் அம்மா நாற்பது தாண்டினாள். கன்னம் சிவந்துவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சாமி என்றால் இந்த அம்மாக்களுக்குப் பைத்தியம் என்று அக்கா சொன்னாள்.

அப்பா அதைப் பார்த்தார். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஒனக்காகத்தானே வந்தோம், இப்படி ஆயிப்போச்சே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். ஈரமுந்தானையைப் பிழிந்துகொண்டே அம்மா, போய்ச் செருப்பைப் பாருங்க என்றாள்.

இந்த இரண்டு தடியர்களும் அங்கேயும் பேசவில்லை. நான்கு நாள் போய்விட்டது. இன்னும் ஒரு நாள்தான். ஊருக்குப் போனால் திரும்பவும் தகர வேலி, திரும்பவும் புருவம். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பயணத்தில் வயிறு கெட்டுவிட்டது என்று கைடு மாத்திரை கொடுத்தார்.

கடைசி நாள் சிலாபம் பக்கம் முன்னேஸ்வரம். அங்கிருந்து நேராக விமானத்துக்குப் போக வேண்டும். வழியெல்லாம் தென்னந்தோப்பு. அப்பாவும் பெரியப்பாவும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இலங்கை வந்ததிலிருந்து அவர்கள் எதையாவது உற்றுப் பார்த்தது அன்றுதான். கோயில் வாசலில் வழக்கம்போல் எங்களை இறக்கிவிட்டுக் குடை உள்ளே போனது. அம்மா இங்கிட்டு வளையல் கடைக்கும் பெரியம்மா அங்கிட்டுப் பழக்கடைக்கும் போனார்கள்.

நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே செவ்விளநீர் விற்கிற ஒருவர். சிங்களக்காரர், கொஞ்சம் தமிழ் பேசுவார். கடைக்குப் பின்னால் அவருடைய தோப்பு. கடையை ஒட்டி ஒரு நெட்டை மரம், மட்டைகள் கத்தரியால் வெட்டியதுபோல் இருந்தன. பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன்னையறியாமல், யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், "காண்டாமிருக வண்டு அடிச்சிருக்கு" என்றார்.

அப்பா செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாந்தார். "அந்த வண்டு இல்ல. கூன்வண்டு. கொண்ட சாஞ்சிருக்குல்ல."

"மட்டையப் பாரு, கண்ண எங்க வச்சிருக்க? விசிறி மாதிரி வெட்டிருக்கு."

"மட்டைய எலிகூடத்தான் வெட்டும்."

"எலி வெட்டுமா? இவ்வளவு வருசம் தோப்பு வச்சிருந்து எலிங்கிறான் பாரு."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையை நசுக்கினாள். இருவரும் மூச்சுவிடவில்லை. மூச்சுவிட்டால் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று பயம்.

ஞாபகம் வரவில்லை. எழுந்து நின்று கத்தினார்கள். போன வருடம் யார் தோப்பில் எத்தனை மரம் பட்டுப்போனது, வேப்பம்புண்ணாக்கு வைத்தது யார், வைக்காமல் விட்டது யார் என்று வாய்க்காலைத் தாண்டி எட்டிப்பார்த்துச் சேர்த்துவைத்த கணக்கெல்லாம் வெளியே வந்தது. மூன்று வருடமும் ஒருவர் தோப்பை ஒருவர் கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். இளநீர்க்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்தார். ரெண்டு வருசமா காய் இல்ல மாத்தயா, என்ன நோவு என்று கேட்டார். மாத்தயா என்றால் ஐயாவாம்.

அப்பா மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். துண்டை முறுக்கிக் காலில் மாட்டிக்கொண்டு, இளநீர்க்காரரிடம் ஒரு சைக்கிள் கம்பியை வாங்கி வாயில் கடித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டார். வெளிநாட்டில், கோயில் வாசலில், மஞ்சள் தொப்பியோடு.

அவர் உச்சிக்குப் போகவும் குடை வெளியே வரவும் சரியாக இருந்தது. கைடு எண்ணச் சொன்னார். எட்டு வரைக்கும் வந்தது. ஒன்பது இல்லை. பெரியப்பா மரத்தைக் காட்டி, "ஒம்போது மேல இருக்கான், வருவான்" என்றார். கைடு குடையைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ அண்ணை, இறங்குங்கோ. விமானத்துக்கு நேரமாகுது" என்று கெஞ்சினார். இருபத்தெட்டுப் பேரும் அவரவர் செருப்பைத் தேடாமல் மரத்தடியில் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார்.

அப்பா மேலே குருத்துக்குள் கம்பியை விட்டுக் கொஞ்சநேரம் குடைந்தார். எதையோ எடுத்துத் தொப்பிக்குள் வைத்தார். இறங்கினார். பாதி வந்ததும் காலில் இருந்த துண்டு அவிழ்ந்தது. சர்ரென்று நாலடி வழுக்கி, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சு சிராய்த்து ரத்தம். வீடியோ எடுத்தவர் போனைக் கீழே இறக்கினார். நான் அழ ஆரம்பித்தேன்.

பெரியப்பா செருப்புகளை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் மரத்தோடு ஒட்டி நின்று தோளைக் கொடுத்தார்.

"கால எந்தோளுல வை."

அப்பா வைக்கவில்லை. தொங்கிய கால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "மேல காலு படும்ணே" என்றார்.

"படட்டும்டா. வை."

வைத்தார். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். இறங்கிய அப்பா, பெரியப்பா தோளில் பட்ட மண்ணைத் தன் கையாலேயே தட்டிவிட்டார். பிறகு தொப்பிக்குள்ளிருந்து எடுத்ததை நீட்டினார். கொழுத்த கறுப்பு வண்டு. மூக்கில் கொம்பு.

"நீ சொன்னதுதான்ணே" என்றார்.

பெரியப்பா வண்டை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையாச்சும் பாத்துட்டுச் சொன்னியே" என்றார்.

அப்பாவுக்கு முகம் கறுத்தது. அப்புறம் சிரித்துவிட்டார். பெரியப்பாவும் சிரித்தார். மீசையில்லாத அந்த மேலுதடு அப்படித் துடிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். இளநீர்க்காரர் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் இளநீர் வெட்டினார். விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிச் சொல்லிக் கைடும் இரண்டு குடித்தார். விமான நிலையம்வரைக்கும் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். நானும் அக்காவும் அவர்களுக்குப் பின்னால்.

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியாது. சாதாரண நாளில் அப்பா மரம் ஏறியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் பெரியம்மாவுக்கு இளநீரை நீட்டினாள். அப்போது பார்த்தேன், ஆளுக்கொரு திசையில் போன இருவர் கையிலும் ஒரே மாதிரிப் பச்சை வளையல். இலங்கையில் வேறு நிறமே கிடைக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

திருச்சியிலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே வேனில் ஊருக்கு வந்தோம். மதியம் தெருமுக்கில் இறங்கினால், எதிரே எங்கள் பங்காளி வீட்டுச் சித்தி குடத்தோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வயிறு நாங்கள் போகும்போது இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். பாப்பா எங்கே சித்தி என்று கேட்கத்தான். அம்மா கொழும்பில் வாங்கிய தொதல் அல்வா முழுத்துண்டு ஒன்றை என் வாயில் திணித்தாள். தொடையில் ஒரு கிள்ளு வேறு. பெரியம்மா அதே வேகத்தில் இரண்டு ஆண்களின் முதுகிலும் கை வைத்து, தோப்புக்குத் தண்ணி பாயுதான்னு பாருங்க என்று வாய்க்கால் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டு நாள் கழித்துச் சித்திக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். போன்ல சரியா கேக்கல என்றாள் அம்மா. அப்பா வேலியைப் பிரிக்கப் போனார். அந்தப் பக்கம் பெரியப்பா ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருந்தார். ஒரே பிள்ளைக்கு இரண்டுமுறை தீட்டுக் காத்த பங்காளிகள் எங்கள் ஜில்லாவில் அவர்கள்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் என் தோழிகளிடம் எங்கள் சித்திக்கு இரட்டைப் பிள்ளை என்று சொல்லியிருந்தேன். பெண் பாப்பா முதலில் வந்துவிட்டது, தம்பி பின்னால் வருவான் என்று. தம்பி வந்த பிறகும் அந்தப் பாப்பாவைத் தேடிச் சித்தி வீட்டுத் தொட்டிலை எட்டி எட்டிப் பார்த்தேன். கதிர்காமத்துப் பாலத்துக்கு முன்னால் ஈரப்புடவையோடு நின்று அம்மா நாற்பதுமுறைக்கு மேல் கன்னத்தில் போட்டுக்கொண்டது, இல்லாத அந்தப் பாப்பாவைப் பிறக்கவைத்ததற்காகத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவள் கும்பிடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.